குளிசை வேண்டாமென்ற கிழவர்



போன மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் நம் இதழின் நெடுநாள் வாசகர் ஒருவர் வீட்டுக்கு ஒடியற் கூழ் குடிக்க அழைத்திருந்தார்கள். வெளியே ஜூட்லாந்துக் காற்று. உள்ளே நண்டும் இறாலும் பயிற்றங்காயும் சேர்ந்து கொதிக்கிற மணம். சந்தோஷமாகத்தான் போனேன். போன வீட்டில் ஒருவர் முகமும் சரியில்லை.

அந்த வீட்டு மூத்த மகளுக்கு 23 வயது. முதியோர் பராமரிப்புப் படிப்பு படித்து முடித்தவள். வேறோர் ஊரிலுள்ள முதியோர் இல்லமொன்றுக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போய் வந்திருக்கிறாள். கேள்விகளுக்கெல்லாம் நன்றாகவே பதில் சொல்லியிருக்கிறாள். முடிகிற நேரத்தில், எதிரே இருந்த பெண்மணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாராம். "இனி நான் 84 வயதுக் கிழவர். தனியாக இருக்கிறேன். காலைக் குளிசையைப் போட மாட்டேன் என்கிறேன். நீ இப்போதுதான் என் அறைக்குள் வருகிறாய். உனக்கு 7 நிமிடம்."

பிள்ளை திகைத்துப்போனாள். குளிசையைப் போடுங்கள் என்று இரண்டு தரம் சொன்னாள். கிழவர் மாட்டேன் என்றார். வயதுபோன மனிதரை மூன்றாம் தரமும் வற்புறுத்த அவளுக்கு வாய் வரவில்லை. "சரி, பிறகு வருகிறேன்" என்று குளிசையை மேசையில் வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். இரண்டு நிமிடங்கூட ஆகவில்லை. வேலை கிடைக்கவில்லை.

"இவள் வேலைக்கோ போனவள், நாடகத்துக்கோ போனவள்? நடிக்கிறதுக்கோ இவ்வளவு காலம் படிச்சவள்?" என்று தாய் என்னிடம் கேட்டார். தகப்பன் ஒன்றும் பேசவில்லை. கூழ்ச் சட்டியைக் கிண்டிக்கொண்டு நின்றார்.

நியாயமான கேள்வி. இந்தக் கேள்வி உங்களில் பலருடைய வீட்டுக்கும் வந்திருக்கும். பிரண்டா அபிராமி அம்மன் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதுகூட இரண்டு மூன்று பேர் இதே கதையை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒருவரின் மகனுக்குப் பேருந்து நிறுவனத்தில், இன்னொருவரின் மருமகளுக்கு வங்கியில். இதற்கு டேனிஷ் மொழியில் 'ரொல்லஸ்பில்'. நாங்கள் பாத்திரமேற்றல் என்போம், பிள்ளைகள் ரோல் பிளே என்பார்கள். ஆளை எடுக்கும் முன் பத்து நிமிடம் நடிக்கச் சொல்லிப் பார்ப்பது. இதைப் பற்றி இந்த மாதம் உங்களோடு கொஞ்சம் மனம்விட்டுப் பேச வேண்டும் என்று தோன்றியது.

ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டாயா என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். கேட்டிருக்கிறாள், கெட்டிக்காரி. தொலைபேசியில் அவர்கள் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள். கிழவராக நடித்தவரின் கையில் ஒரு தாள் இருந்தது. நேற்றுக் குளிசை போட்ட பிறகு தலை சுற்றிக் குளியலறையில் விழப் பார்த்தார், வெட்கத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை என்று அதில் எழுதியிருந்தது. 'ஏன் வேண்டாம்' என்று கேட்டால் மட்டுமே அதைச் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தது.

நம் பிள்ளை ஏன் என்று கேட்கவில்லை.

இந்த முறையின் உயிர் அந்தத் தாளில்தான் இருக்கிறது. பரீட்சைக்கு வந்தவருக்கு ஒரு அட்டை: நீ யார், எங்கே நிற்கிறாய், என்ன செய்ய வேண்டும். நடிப்பவருக்கு இன்னொன்று. அதில் ஒரு சங்கதி ஒளித்து வைக்கப்பட்டிருக்கும். பக்கத்தில் இருந்து பார்ப்பவரிடம் மூன்றாவது தாள். காரணம் கேட்டாரா, குரலை உயர்த்தினாரா, கடைசியில் அடுத்து என்ன செய்வது என்று இருவரும் பேசி முடித்தார்களா என்று அதில் குறிப்பார்கள். எங்கள் ஊர்க் கூத்தில் போல அழுது காட்டுவதற்கோ சிரித்துக் காட்டுவதற்கோ அங்கே புள்ளி இல்லை. நன்றாக நடிப்பவருக்கு அதனால் இலாபமும் இல்லை. எதிரில் இருப்பவரைக் கவனிப்பவருக்குத்தான் இலாபம்.

எங்கள் தலைமுறையை நினைத்துப் பாருங்கள். 1984க்குப் பிறகு இந்த நாட்டுக்கு வந்தவர்கள் நாங்கள். அகதிகள் உதவி அமைப்பு எங்களை ஜூட்லாந்தின் சின்னச் சின்ன ஊர்களுக்குப் பிரித்து அனுப்பியது. என்னுடைய முதல் வேலைக்கு நேர்முகம் என்று ஒன்று நடக்கவே இல்லை. மேற்பார்வையாளர் என் பெயரைக்கூடச் சரியாகச் சொல்ல முயன்று பாதியில் விட்டார். ஒரு ஏப்ரனைத் தந்து தொழிற்சாலைப் பெல்ட்டுக்கு முன்னால் நிறுத்தினார். ஒரு மணிநேரம் தூர நின்று பார்த்தார். பிறகு தலையாட்டினார். அவ்வளவுதான்.

அதுவும் பரீட்சைதானே? என் டேனிஷ் பூச்சியம். கை வேலை செய்தது, கையைப் பார்த்து எடுத்தார்கள். எங்களில் எத்தனையோ பேர் அப்படித்தான் உள்ளே போனோம், வீடு வாங்கினோம், பிள்ளைகளைப் படிப்பித்தோம்.

பிள்ளைகளின் வேலை மாறிவிட்டது. முதியோர் இல்லம், வைத்தியசாலை, வங்கி, கொம்யூன் (நகரசபை) அலுவலகம், பள்ளிக்கூடம், பில்லுண்டில் விமான நிலையம், லெகோலாண்ட் பூங்கா என்று அவர்கள் போகிற இடமெல்லாம் வாய்தான் வேலை. கோபத்தோடு வருகிறவரை அமர்த்த வேண்டும், பயத்தோடு வருகிறவரிடம் விஷயத்தைக் கேட்டு எடுக்க வேண்டும். என்னை ஒரு மணிநேரம் பெல்ட்டில் நிறுத்தினார்கள் என்றால், அந்தப் பிள்ளையை 7 நிமிடம் கிழவருக்கு முன்னால் நிறுத்தினார்கள். இதை அன்று நான் சொன்னதும் தாய் கொஞ்சம் யோசித்தார். "அப்படிப் பார்த்தால் அதுவும் சரிதான்" என்றார், அரை மனதோடு.

இது டென்மார்க்கில் முளைத்த பழக்கமும் அல்ல. 1943இன் கடைசியில் அமெரிக்க உளவுத்துறை ஆள் தேர்வுக்கு வர்ஜீனியாவில் ஒரு பண்ணை வீட்டை எடுத்தது. வந்தவர்களைப் பொய்ப்பெயரில் மூன்று நாள் வாழவைத்துப் பார்த்தார்கள். இந்தியப் படைகளின் அதிகாரித் தேர்வு இன்றும் ஐந்து நாள் நடக்கிறது. அதில் 60 இக்கட்டான சூழ்நிலைகளைக் கொடுத்து 30 நிமிடத்துக்குள் நீ என்ன செய்வாய் என்று எழுதச் சொல்லும் பகுதி உண்டு. மருத்துவத்துக்கு இதைக் கொண்டுவந்தவர் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர். 1963இல் லாஸ் ஏஞ்சலிஸில், நோயே இல்லாத ஒரு பெண்ணுக்கு நோயாளியாக நடிக்கப் பயிற்சி கொடுத்து, மாணவர்களை அவரிடம் அனுப்பினார். ஆரம்பத்தில் மற்ற மருத்துவர்கள் கேலி செய்தார்கள். இன்று அந்த முறை இல்லாத மருத்துவக் கல்லூரி மேலை நாடுகளில் அரிது.

நம் தாதிப் பிள்ளைகளுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகிறவர்கள் எழுதும் 'ஓஇடி' ஆங்கிலப் பரீட்சையின் பேச்சுப் பகுதியே இரண்டு பாத்திரமேற்றல்கள்தான். அட்டையைப் படிக்க மூன்று நிமிடம் வரை, பேச ஐந்து நிமிடம். எதிரே ஒருவர் நோயாளியாகவோ நோயாளியின் உறவினராகவோ இருப்பார். கோட்டயத்திலும் சென்னையிலும் இதற்கென்றே வகுப்புகள் நடக்கின்றன. விடுதி அறையில் ஒருத்தி நோயாளி, மற்றவள் தாதி என்று மாறி மாறிப் பழகுகிறார்கள்.

இனி மனம் நோகிற பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டால் உங்களுக்கு உண்மையாக இருந்ததாக ஆகாது.

பிரிட்டனில் குடும்ப மருத்துவராக வருவதற்கு ஒரு பரீட்சை இருந்தது. 13 நோயாளிகள், ஒவ்வொருவருக்கும் 10 நிமிடம், அத்தனை பேரும் பயிற்சி பெற்ற நடிகர்கள். வெளிநாட்டில் படித்து வந்த மருத்துவர்கள், அதிலும் தெற்காசியர்கள், அதில் பெருந்தொகையாகத் தோற்றார்கள். அதை ஆராய்ந்த மான்செஸ்டர் பேராசிரியர் அனீஸ் எஸ்மெயில் 2013இல் வெளியிட்ட முடிவு எல்லோரையும் உலுக்கியது. பிரிட்டனிலேயே மருத்துவம் படித்த கறுப்பின, ஆசியப் பிள்ளைகள்கூட, வெள்ளையரான தங்கள் வகுப்புத் தோழர்களைவிட முதல் தடவையில் தோற்பது மிக அதிகம். கணினி திருத்துகிற எழுத்துப் பரீட்சையில் அவர்கள் எடுத்த புள்ளியைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த இடைவெளி மறையவில்லை. இனப் பாகுபாடு ஒரு காரணமாக இருக்கலாம் என்பதை ஒதுக்க முடியாது என்று அவர் எழுதினார்.

பிரிட்டனிலுள்ள இந்திய வம்சாவளி மருத்துவர்கள் சங்கம் நீதிமன்றம் போனது. 2014 ஏப்ரலில் லண்டன் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. பரீட்சை சட்டப்படியானதுதான் என்றது. ஆனால் இந்த வித்தியாசத்தைப் பார்த்துக்கொண்டு, பரீட்சையை நடத்தும் குடும்ப மருத்துவர் கல்லூரி சும்மா இருக்கக் கூடாது என்றும் நீதிபதி சொன்னார். அந்தப் பரீட்சை இன்று அந்த வடிவத்தில் இல்லை.

அந்த அறைகளில் என்ன நடந்திருக்கும்? நான் மருத்துவன் அல்ல. ஆனால் ஒரு தமிழ் வீட்டில் வளர்ந்தவன். தகப்பன் வயதுக்காரர் ஒருவர் முன்னால் வந்து உட்கார்ந்து மது குடிப்பது பற்றியோ படுக்கையறை பற்றியோ பேச வேண்டிவந்தால் எங்கள் பிள்ளை கண்ணைத் தாழ்த்துவான். அது மரியாதை. புள்ளி போடுபவரின் தாளில் அது 'தன்னம்பிக்கை இல்லை' என்று விழும். தெரியாதவனுக்கும் தயங்குகிறவனுக்கும் வித்தியாசம் பார்க்கத் தெரியாத கண் அங்கே உட்கார்ந்திருந்தால், எவ்வளவு நல்ல பரீட்சையும் கெட்டுப்போகும்.

அப்படியானால் இது வேண்டாமா? பழையபடி சான்றிதழையும் விண்ணப்பத்தையும் பார்த்தே எடுக்கட்டுமா?

கொஞ்சம் பொறுங்கள். விண்ணப்பத்தில் முதலில் கண்ணில் படுவது எது? பெயர். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மால்டே டால், நீல்ஸ் குரோக் என்ற இரண்டு ஆய்வாளர்கள், கற்பனையாக எழுதிய 800 விண்ணப்பங்களை டென்மார்க் முழுவதும் அனுப்பிப் பார்த்தார்கள். தகுதி ஒன்றுதான். சிலவற்றில் டேனிஷ் பெயர், சிலவற்றில் மத்திய கிழக்குப் பெயர். 2018இல் முடிவு வந்தது: டேனிஷ் பெயர்க்காரருக்குக் கிடைக்கிற அதே எண்ணிக்கை அழைப்புகள் கிடைக்க, மற்றவர் 52 சதவீதம் கூடுதலாக விண்ணப்பம் போட வேண்டும். எங்கள் பெயர்களின் நீளத்தை யோசித்துப் பாருங்கள். ஒரு தமிழ்ப் பிள்ளை எழுந்து நின்று, தான் என்ன செய்யக்கூடியவள் என்று காட்டுவதற்கு ஒரு 7 நிமிடம் கிடைக்கிறது என்றால், அதை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

இது எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடும் மந்திரக்கோல் என்றும் நம்ப வேண்டாம். வேலையில் ஒருவர் எப்படி இருப்பார் என்பதை முன்கூட்டிச் சொல்வதில் எந்த முறை நல்லது என்று ஆராய்ந்தவர்கள் 1998இல், வேலையையே செய்யவைத்துப் பார்ப்பதற்கு முதலிடம் கொடுத்தார்கள். 2022இல் கணக்கைத் திரும்பப் போட்டபோது அது சில படி கீழே இறங்கியது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே ஒழுங்கில் கேட்கும் நேர்முகம் மேலே வந்தது. வாய்க்கு வந்ததைக் கேட்டுவிட்டு 'ஆள் நல்லவன் போல' என்று முடிவெடுக்கும் நேர்முகம் இரண்டு கணக்கிலும் பின்னால்தான் நிற்கிறது. ஆகவே நல்ல கேள்விகள், கூடவே ஒரு சின்னப் பாத்திரமேற்றல் என்று இருந்தால் யாருக்கும் அநியாயம் குறைவு.

நம் வாசகர்களில் இப்போது மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவர்களும் இருக்கிறார்கள். பிரிவுத் தலைவர்களாக, கடை முதலாளிகளாக, கொம்யூனில் பொறுப்பாளர்களாக. உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் தயாரிக்கிற தாளை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். வேலைக்கு வேண்டியதைக் கேட்கிறதா, பேச்சின் ராகத்தைக் கேட்கிறதா? அட்டையைப் படிக்க நேரம் கொடுக்கிறீர்களா? நடிக்கச் சொல்லப்போகிறோம் என்று அழைப்பிலேயே சொன்னீர்களா? பத்து நிமிடம் பார்ப்பது பரீட்சை. 'பயிற்சி பார்க்கிறோம்' என்று ஒரு பகல் முழுவதும் சம்பளமில்லாமல் கடையில் நிறுத்துவது வேலை வாங்குவது. இரண்டும் ஒன்றல்ல என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த நாட்டில் முதலாளியையும் 'டு' (நீ) என்றுதான் அழைக்கிறார்கள், பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். 'எனக்கு வேறு கருத்து' என்று மேலதிகாரியின் முகத்துக்கு நேரே சொல்வது இங்கே துடுக்குத்தனம் ஆகாது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் எதிர்த்துப் பேசுவது. பிள்ளை காலையில் ஒரு சட்டத்திலும் மாலையில் இன்னொரு சட்டத்திலும் வாழ்கிறது. பதினெட்டு வயது வரை 'வாயை மூடு' என்று சொல்லிவிட்டு, இருபத்துமூன்றில் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்கலாமா? மரியாதையை விடச் சொல்லவில்லை. மரியாதையாக 'ஏன்' என்று கேட்க வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே இடம் கொடுத்தால் என்ன?

மண்ணில் சோறு கறி ஆக்கி, ஒருவர் கடைக்காரராக, ஒருவர் டாக்டராக விளையாடி வளர்ந்தவர்கள்தானே நாங்களும்? தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழாவுக்கு நாடகம் பழக்க எத்தனை சனிக்கிழமைகள் ஓடுகிறோம்! அதில் ஒரு சனிக்கிழமையின் அரை மணிநேரம் போதும். விளம்பரத்தின் கீழே தொடர்புக்கு ஒரு பெயரும் இலக்கமும் இருக்கும். பிள்ளையை அதற்கு அழைத்துக் கேட்கச் சொல்லுங்கள், இந்த நாட்டில் அப்படிக் கேட்பவரை நன்றாகவே நினைப்பார்கள். அட்டை கையில் வந்ததும் இரண்டு தரம் வாசிக்கட்டும். பேசுவதற்கு முன் ஒரு மூச்சு எடுக்கட்டும். எதிராளி அழுதால் பதறாமல் கொஞ்ச நேரம் சும்மா இருக்கட்டும். தப்பாகப் போனால், 'இதை நான் திரும்பத் தொடங்கலாமா' என்று கேட்பதில் குற்றமில்லை. மற்றதெல்லாம் பழகப் பழக வரும்.

அன்று கூழ் குடித்து முடிந்ததும் இதையே அந்த வீட்டில் சொன்னேன். "இப்பவே ஒருக்காச் செய்து பார்ப்பமே?" என்றேன். பிள்ளைக்கு இன்னொரு நேர்முகம் அடுத்த கிழமை வரவிருந்தது. கிழவர் யார்? தகப்பன்தான். இருபது வருடத்துக்கு மேல் இரவு ஷிப்டில் நின்ற மனிதர், வீட்டிலும் அதிகம் பேசமாட்டார். வேண்டாம் வேண்டாம் என்றவரை இழுத்து ஜன்னலோரக் கதிரையில் இருத்தினோம். நான் ஒரு தாளில் காரணமொன்றை எழுதிக் கொடுத்தேன்: குளிசை தொண்டையில் சிக்குகிறது.

மகள் வெளியே போய்க் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள். காலை வணக்கம் சொன்னாள். குளிசையை நீட்டினாள்.

"வேண்டாம்" என்றார் அவர்.

இந்த முறை அவள் நின்றுகொண்டு பேசவில்லை. பக்கத்தில் இருந்த சின்ன முக்காலியை இழுத்து, அவர் முகத்துக்குக் கீழே வருகிற மாதிரி உட்கார்ந்தாள். "ஏன் ஐயா, என்ன செய்யுது?"

அவர் கையிலிருந்த தாளைப் பார்க்கவில்லை. "அதைப் போட்டால் காலமை எழும்ப ஏலாமல் தலை சுத்துது பிள்ளை" என்றார். "நாலு நாளாப் போடேல்லை."

நான் எழுதியது அதுவல்ல. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு அவரை.

"அப்பா, இது நடிப்போ?"

அவர் பதில் சொல்லவில்லை. தாய் எழுந்து குசினிக்குப் போனார். லாச்சியைத் திறந்து, பிரஷர் குளிசைப் பெட்டியை எடுத்து எண்ணுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது.

திங்கள் காலை எட்டு மணிக்கு, டாக்டரின் தொலைபேசி திறந்த உடனேயே, அவள்தான் எடுத்துப் பேசினாளாம்.

அன்புடன்,
ஆசிரியர்